எறும்பு இருக்கிற கல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து மறைத்துவிட்டாய் என்று சண்டை போடக் கூடாது. ஆனால் அன்றைக்கு நகைக்கடையில் நடந்த கூத்துக்குக் கோபம் காரணமில்லை. என் இடது கைதான் காரணம்.

நான் பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதினொரு வருஷம் ஆகிறது. வெளிச்சத் திரை ஒன்றின் முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்போம். குமிழ், கீறல், கரும்புள்ளி, வாய் கோணல், எது கண்ணில் பட்டாலும் இடது கையால் ஒரு தட்டு. பாட்டில் பக்கத்துத் தொட்டியில் விழுந்து நொறுங்கி, மறுபடி உருகப் போய்விடும். யோசித்துத் தட்டுவதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது.

அங்கே என்னை 'ரிஜெக்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். "ரிஜெக்ட் சாப்பிட்டாச்சா? ரிஜெக்ட் கிளம்பியாச்சா?" மாப்பிள்ளை பார்ப்பதிலும் இவள் இதே வேலையைத்தான் செய்கிறாள் என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒன்பது பேரைத் தட்டிவிட்டேன். ஒருவருக்குச் சிரிப்பு சரியில்லை. இன்னொருவர் அரை மணி நேரம் தன் செருப்பைப் பற்றியே பேசினார். நான் என்ன செய்ய?

பத்தாவதாக வந்தவர்தான் ஐஸ். ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் பழுது பார்ப்பவர், அதனால் ஊருக்கே அவர் ஐஸ். எங்கள் கேன்டீன் ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தவர், கேன்டீன்காரரிடம், "அண்ணே, இப்ப ஓடும். ஆனா ஒரு மாசம்கூடத் தாங்காது. காசு வாங்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது. அப்புறம் நாலு மாதம் பேசினோம், பழகினோம், வீட்டில் சொன்னோம். என் அம்மா தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள்.

எட்டு வருஷமாக அவர் வேறு ஒருவருடைய பட்டறையில் வேலை பார்க்கிறார். வேலை இவருடையது, பெயர் முதலாளியுடையது. சொந்தமாக ஒரு பட்டறை வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அதற்கு ஓர் இடமும் அமைந்தது. மீன் மார்க்கெட்டை ஒட்டிய ஒற்றை ஷட்டர் கடை. மார்க்கெட்டில் மட்டும் நாற்பது ஐஸ்பெட்டி, தினம் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். அதைவிட நல்ல இடம் அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் தர வேண்டும், இல்லையென்றால் ஒரு செல்போன் கடைக்காரர் காத்திருக்கிறார் என்று கடை உரிமையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

குறுக்கே வந்தது மோதிரம்.

ஐஸின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் ஒரு முறை முறைத்தால் சலைன் பாட்டில்கூட ஒழுங்காகச் சொட்டும் என்பார்கள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அவரை அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறேன். அவரும் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார். ஆனால் நிச்சயதார்த்த மோதிரம் என்று பேச்சு வந்ததும் ஒரே பிடி. வைரம் சுத்தமாக இருக்க வேண்டும், உள்ளே தூசு அளவு புள்ளிகூடக் கூடாது. அந்த மாதிரிக் கல் வாங்கினால் பட்டறைக்கு வைத்திருந்த பணம் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து அவரிடம் இல்லை.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார் இந்த மகராசன்.

சனிக்கிழமை காலையில் ஃபோனில் எனக்கு விஷயம் தெரிந்ததும் வந்தது பாருங்கள் கோபம். "கண்ணை வித்து யாராவது சித்திரம் வாங்குவாங்களா? எனக்கு மோதிரமே வேண்டாம். ஒரு நூலைக் கட்டுங்க, போதும்!"

"அக்கா மனசு கஷ்டப்படும். கடை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அந்த இடம் உங்களுக்காக ஷட்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்குமா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சண்டை போடுகிறவரிடம் ஜெயித்துவிடலாம், இப்படி மூச்சு விடுகிறவரிடம் முடியாது. மூன்று மணிக்கு நகைக்கடைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். சுத்தக் கல்லுக்கும் புள்ளிக் கல்லுக்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை என்று அண்ணியை நம்பவைத்துவிட்டால் போதும், ஐந்து மணிக்குள் பட்டறையைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

நகைக்கடையில் எங்களை உள் மேஜைக்கு அழைத்துப் போனார்கள். கடைக்காரர் மெலிந்த மனிதர், ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். ஒரே அளவில் நாலு கல்லை எடுத்து வைத்தார். ஒன்று சுத்தக் கல். மற்ற மூன்றும் கிளாரிட்டி, அதாவது உள்தெளிவு, குறைந்தவை, விலை பாதிக்கும் கீழே.

"வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. உள்ள இருக்கறது லென்ஸ்ல பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

"கேட்டீங்களா அண்ணி?" என்றேன், வெற்றிப் புன்னகையோடு.

"லென்ஸ்லயும் பார்ப்போம்" என்றார் அண்ணி.

கடைக்காரர் மேஜையில் பதித்திருந்த ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பலகையின் விளக்கைப் போட்டார். கீழிருந்து வெளிச்சம் வந்தது. மேலே ஒரு பெரிய லென்ஸ். என்னை அதன் முன்னால் உட்காரவைத்து, இடுக்கி முனையால் கல்லை ஒவ்வொன்றாக வலப்பக்கத்திலிருந்து தள்ளினார். முதலில் சுத்தக் கல் வந்தது. தெளிந்த தண்ணீர் போல இருந்தது, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தாண்டிப் போனது. இரண்டாவது வந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தட்டின கையைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிவதற்குள் இடது கை ஒரு தட்டு தட்டியது. அரை காரட் வைரம் பறந்துபோய்க் குப்பைக்கூடை விளிம்பில் 'டிக்' என்று பட்டு எங்கேயோ விழுந்தது.

அதுவரை ரகசியம் பேசிய மனிதருக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "கதவைச் சாத்துங்க! யாரும் காலை எடுக்காதீங்க!"

வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி சிலையாக நின்றுவிட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது, தரையில் மார்பிள் போட்டிருந்தார்கள்.

ஐஸ் சட்டைக் கையை மடித்தார், தரையில் குப்புறப் படுத்தார், கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்தார். செல்போன் விளக்கைப் போட்டுத் தரை மட்டத்தில் மெல்லச் சுற்றினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் கடைக்காரர் அழாக்குறையாக.

"ஃப்ரிட்ஜுக்கு அடியில ஸ்க்ரூ தேடறது என் வேலையில பாதிங்க. மேலேருந்து பார்த்தாக் கிடைக்காது. படுத்துதான் பார்க்கணும்." இரண்டு நிமிஷம். அலமாரிக் காலின் பின்னால் ஒன்று மினுக்கென்றது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எழுந்தார், முகமெல்லாம் தூசி. கடைக்காரர் கும்பிடவே போய்விட்டார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் அண்ணி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பார்த்தியா? நீ வாயால ஆயிரம் சொல்லு. உன் கையே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சிடுச்சு. பதினோரு வருஷமா பழகின கை. அது பொய் சொல்லுமா?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"அண்ணி, அது பழக்கதோஷம்..."

"வேண்டாம்மா. நான் வீம்புக்குச் சொல்றேன்னு நினைக்காதே." குரல் திடீரென்று இறங்கியது. "எனக்கு என் வீட்டுக்காரர் போட்ட மோதிரத்துல ஒரு கருப்பு இருந்துச்சு. நிச்சயம் அன்னிக்கே என் ஓரகத்தி விரலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, 'ஐயோ, உன் கல்லுல எறும்பு இருக்கே'ன்னா. அத்தனை பேர் முன்னாடி. எல்லாரும் சிரிச்சாங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், எறும்பு எப்படி இருக்கு, சர்க்கரை போட்டியான்னு கேட்கறா. என் தம்பி பொண்டாட்டியை எவளும் அப்படிக் கேட்கக் கூடாது. அதுக்குத்தான்."

ஐஸ் வாயைத் திறந்தபடி நின்றார். தம்பிக்கே இது தெரியாது.

அப்போதுதான் அண்ணியின் கையைப் பார்த்தேன். இத்தனை நாளும் அது வெறும் வளையம் என்று நினைத்திருந்தேன். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். எனக்கு அந்த முகம் தெரியாத ஓரகத்தி மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"கழட்டுங்க அண்ணி, அந்த மோதிரத்தை."

"எதுக்கு?"

"நான் பார்க்கணும். இந்தத் தடவை கையால இல்ல, கண்ணால."

"கழட்டவும் மனசு வரல, காட்டவும் மனசு வரல, அப்படியே போட்டுக்கிட்டிருக்கேன். அவர் லாரி ஓட்டிச் சேர்த்து வாங்கினது" என்றார். ஆனால் கழற்றினார். விரலில் வெள்ளையாக ஒரு தடம்.

இடது கையை என் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரர் கல்லை ஒரு துணியால் துடைத்துக் கொடுத்தார். லென்ஸை இழுத்துப் பார்த்தேன். எறும்பு இருந்தது. பொய் சொல்வானேன், கால்கூட இருந்தது. ஓரகத்தியின் கண்ணும் லேசுப்பட்ட கண் இல்லை.

"அண்ணி, என் கை பொய் சொல்லாதுன்னீங்க. அதைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நல்ல பாட்டிலையும் சேர்த்து உடைக்கறேன்னு சூப்பர்வைசர் மாசாமாசம் என்னைத் திட்டறார். நாங்க எதுக்காகக் கழிக்கறோம் தெரியுமா? அழகுக்கு இல்ல. வாய் ஓரத்துல கீறல் இருந்தா மூடி போடும்போது வெடிக்கும். அடியில கீறல் இருந்தா சுடச்சுட ஊத்தும்போது பிளக்கும். அதைத்தான் கழிக்கணும். நடு உடம்புல ஒரு சின்னப் புள்ளி இருந்தா அந்தப் பாட்டிலுக்கு ஒண்ணும் ஆகாது. என் கைக்கு அதெல்லாம் பார்க்கப் பொறுமை கிடையாது. ஒன்பது மாப்பிள்ளை அப்படித்தான் போனாங்க."

"நான் தப்பிச்சேன்" என்றார் ஐஸ்.

"நீங்க சும்மா இருங்க." மோதிரத்தை விளிம்போடு மெல்லச் சுற்றினேன். ஒரு முழுச் சுற்று. மறுபடி ஒரு சுற்று. "அண்ணி, இந்த மோதிரத்தோட எத்தனை கட்டில் தள்ளியிருப்பீங்க?"

"கணக்கே இல்ல. கட்டில், ஸ்டாண்டு, இரும்பு டிரே... ஒரு நாளைக்கு நூறு தடவை இடிபடும். அதுவும் கல்லு உள்பக்கம்தானே, எல்லா இடியும் அதுக்குத்தான்."

"விளிம்புல ஒரு சிராய்ப்புக்கூட இல்ல. எறும்பு நடுவுல பத்திரமாத் தூங்குது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில அடி வாங்கின கல்லு இது. எங்க பெல்ட்டுல வந்திருந்தா, முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன். அண்ணி, உங்க கல்லு பாஸ்!"

பதினொரு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. வளையல் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரரும் தன் சிறிய லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கமான கல்லும்மா. யார் குறை சொன்னது?" என்றார்.

தலைமை நர்ஸ் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தை வாங்கினார். கல் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு, கையை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு ஜொலிக்குதா இது?" என்றார்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள கடைக்கு முன்பணம் கட்டணும்..." என்றார் ஐஸ்.

"நீ பேசாதேடா. கடையை விட்டுட்டு எனக்குச் சரிக்கான்னு சொல்லிட்டு வந்தவன்தானே நீ? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" திட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "மிச்சக் கல்லையும் பாரும்மா. நிதானமாப் பாரு. கையை எடுக்காதே."

பார்த்தேன். மூன்றாவது கல்லில் ஒரு மயிரிழை விரிசல் விளிம்பு வரை ஓடியிருந்தது. "இது வேண்டாம், ஒரு இடி தாங்காது." நாலாவதில் உள்ளே பனி மூட்டம் மாதிரி இருந்தது, ஜொலிப்பே இல்லை. அதையும் தள்ளினேன். கிளாரிட்டி குறைந்தது என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாம் என்று அர்த்தம் இல்லையே. கடைசியாக என் கை தூக்கியெறிந்த கல்லை எடுத்தேன். பறந்து, கூடையில் முட்டி, மார்பிளில் விழுந்து உருண்ட கல். விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காயமில்லை. நடுவில் கரும்புள்ளி மட்டும், கம்பீரமாக.

"இதுதான்" என்றேன்.

"இதேதான்" என்றார் அண்ணி. "நிச்சயத்துக்கு என் ஓரகத்தியை முதல் வரிசையில உட்கார வைக்கப் போறேன். வரட்டும், வந்து ரெண்டு எறும்பையும் எண்ணட்டும்."

கல்லுக்குச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் நாலு இருபது. ஐஸ் கடை உரிமையாளருக்கு ஃபோன் போட்டார், ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார், ஸ்விட்ச் ஆஃப். அவர் முகம் விழுந்துவிட்டது. "போச்சு. செல்போன்காரருக்குக் கொடுத்திருப்பார்."

"ஃபோன்தானே எடுக்கல? ஆள் செத்தா போயிட்டான்? வண்டியை எடுடா!" என்றார் அண்ணி.

ஒரே பைக்கில் மூன்று பேர். முன்னால் ஐஸ், நடுவில் தலைமை நர்ஸ், பின்னால் தொங்கியபடி நான். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணி கவலைப்படவில்லை. மோதிரக் கையை நீட்டி, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி லாரியை எல்லாம் நிறுத்தினார்.

மார்க்கெட் சந்தில் கடை வாசலில் செல்போன்காரர் நின்றிருந்தார். கையில் உறை. உரிமையாளர் அதை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

"நிறுத்துங்க!"

அண்ணியின் வார்டுக் குரல். சந்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி எல்லாம் நின்றது. உரிமையாளரின் கை நீட்டியபடியே நின்றது.

"மணி என்ன?" என்றார் அண்ணி, பைக்கிலிருந்து இறங்கிக்கொண்டே.

"நாலு ஐம்பத்திரண்டு" என்றார் அவர், ஊசிக்குப் பயந்தவர் மாதிரி.

"நீங்க சொன்னது எத்தனை மணி?"

"அஞ்சு. ஆனா வர மாட்டீங்கன்னு நினைச்சேன்..."

"அஞ்சுன்னா அஞ்சு. இந்தாங்க முன்பணம். டேய், கொடுடா." ஐஸ் எடுத்துக் கொடுத்தார். செல்போன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி ஒரு பார்வை பார்த்தார். அவர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவி கைக்கு வந்தது. ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. மூன்று பேரும் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கினோம். பாதி வரை ஏறி மாட்டிக்கொண்டது, ஐஸ் தோளைக் கொடுத்து மிச்சத்தையும் ஏற்றினார். உள்ளே வெறும் தரை, ஒட்டடை, தொங்குகிற ஒற்றை பல்பு. எனக்கு அரண்மனை மாதிரி இருந்தது.

மீன்காரம்மா ஒருத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "ஐஸ் தம்பி, இது உன் கடையா? என் பெட்டி காலையிலிருந்து குளிரவே இல்லப்பா. உன் முதலாளி கடைக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

ஐஸ் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஸ்பேனர்கூடக் கையில் இல்லை.

"வேண்டாம்மா," என்றார். "இங்க நான்தான் முதலாளி. வாங்க, பெட்டியைப் பார்ப்போம்."